சித்திரையில் ஓடும் நீர் எப்போது பெய்த மழை?

சித்திரை வெயிலில் நெல்லைச் சீமையின் குளங்கள் வெடித்துக் கிடக்கும்போதும் தாமிரபரணியின் பாணதீர்த்த அருவியில் நீர் விழுந்துகொண்டிருக்கும். அதற்குக் காரையாறு அணை காரணமில்லை. அருவி இருப்பது அணைக்கு மேலே. பொதிகையில் உருகிவரப் பனியும் இல்லை. பிறகு அந்த நீர் எங்கிருந்து வருகிறது? தாமிரபரணியைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாதி விடை காற்றில் இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது, மழையின் பெரும்பங்கு நெய்யாறு பிறக்கும் மேற்குச் சரிவில் விழுகிறது. முகட்டைத் தாண்டிவரும் மேகங்கள் மிச்சத்தை நம் பக்கம் சாரலாக இறக்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் நேராக மோதுகிறது. ஆனி, ஆடியில் காரையாறு அணை ஏறும். மணிமுத்தாறு பெரும்பாலும் கார்த்திகைக்காகத்தான் காத்திருக்கும். கார், பிசானம் என்ற இரு நெல் சாகுபடிகளும் இந்த இரு மழைகளின் கணக்குதான்.

மீதி விடை மண்ணுக்குள் இருக்கிறது. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மொட்டைப் பாறையில் இவ்வளவு மழை கொட்டினால் சில மணி நேரத்தில் அடிவாரம் போய்விடும். ஆனால் பசுமைமாறாக் காட்டில் துளி முதலில் இலையில் தங்குகிறது. பிறகு சருகில் இறங்குகிறது. வேர்களும் கரையான்களும் மண்புழுக்களும் துளைத்துவைத்த வழிகளில் உள்ளே போகிறது. மண்ணுக்குக் கீழே, காலங்காலமாகச் சிதைந்து நொறுங்கிய பாறை அடுக்கு. அதற்கும் கீழே, கடும்பாறையின் விரிசல்கள். மேல்மண்ணில் இறங்கிய நீர் சில நாட்களில் ஓடைக்கு வந்துவிடும். ஆழம் போனது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசிந்து வரும். கோடையில் பாணதீர்த்தத்தில் விழும் நீரில் பெரும்பகுதி கார்த்திகை மழையின் பாக்கி.

காடு மழைநீரைப் பெருக்குகிறது என்று சொல்வதுண்டு. அப்படிச் சொல்லாமலிருப்பதே சரி. மரங்களும் நீரைக் குடித்து ஆவியாக விடுகின்றன. ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகையில் காடு கொஞ்சம் செலவழிக்கவே செய்கிறது. அது தருவது அளவை அல்ல, அவகாசத்தை. வெள்ளமாகப் போயிருக்க வேண்டியதை ஓட்டமாக மாற்றித் தருகிறது. 1988-இல் இந்த மலைகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதைப் புலிகளுக்கான ஏற்பாடாக மட்டும் பார்ப்பது எனக்குப் போதவில்லை. தூத்துக்குடி வரை குழாயில் வரும் தண்ணீருக்கும் அதுதான் காவல்.

ஏறக்குறைய 125 கி.மீ. நீளமுள்ள ஆறு, தன் உயரத்தில் பெரும்பகுதியைப் பாபநாசம் வருவதற்குள்ளேயே இழந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சமவெளி. கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு சேர, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்புகின்றன. இறுதியில் புன்னக்காயலில் கடல். இந்த ஆறு சுமந்துவந்த வண்டலால்தான் பழைய துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது.

மலை தரும் அவகாசத்துக்கும் எல்லை உண்டு. மண்ணின் துளைகள் நிரம்பிவிட்டால் அடுத்த துளி நேராக ஓடைக்குத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மலையிலும் கனமழை. ஆனால் மிகக் கடுமையாகப் பெய்தது அணைகளுக்குக் கீழே. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 60 செ.மீ.க்கு மேல். அங்கே நீரைத் தாமதப்படுத்தச் சோலையும் இல்லை, தேக்கிவைக்க அணையும் இல்லை. இருந்தவை குளங்கள், அவற்றில் பலவும் உடைந்தன.

சமவெளியில் ஆற்றுக்கு மிஞ்சியிருக்கும் சேமிப்பு மணல்தான். மேலே ஓட்டம் மெலிந்த நாட்களிலும் மணலுக்குள் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகள் ஊர்களுக்குக் குடிநீர் தருவது அதிலிருந்துதான். மணலை அள்ளிப் படுகை தாழ்ந்துவிட்டால் முதலில் வற்றுவது அந்தக் கிணறுகள். அடுத்து, கரையோரத் தோட்டங்களின் கிணற்று நீர்மட்டமும் படுகையோடு சேர்ந்து இறங்குகிறது. அள்ளிய மணலை மலை மறுபடி அனுப்பவும் இப்போது எளிதான வழி இல்லை. மேலிருந்து வரும் மணலில் பெரும்பங்கு அணைகளின் அடியிலேயே தங்கிவிடுகிறது.