அணுவைக் கறக்கும் கலை

‘அணு’ என்ற சொல்லைச் செவியுற்றதும் நம் இல்லங்களில் அச்சமே முந்தி நிற்கிறது. நமக்கு அறிமுகமான முதிய அன்னையார் ஒருவரை எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர் பணித்தார். “கதிரியக்க மருந்தை உடம்பில் ஏற்றுவதா?” என்று அஞ்சிய குடும்பத்தினர் குறித்த நாளில் செல்லவில்லை. அவருக்கென ஆயத்தமாகிய மருந்து அன்றே பயனற்றுப் போயிற்று.

அம்மருந்தின் உயிர் டெக்னீசியம்-99எம். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்திற்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஒரு நாள் கழிந்தால் 16-இல் ஒரு பங்கே எஞ்சும். நோயாளிக்கு இது நன்மையே. ஆனால், மருத்துவமனையில் அதனை வாங்கிச் சேமித்து வைத்தல் இயலாது.

ஆகவே சேய்க்குப் பதிலாகத் தாயை அனுப்புகின்றனர். மாலிப்டினம்-99 என்னும் தாய்ப்பொருள் பாதியாவதற்கு 66 மணி நேரம் செல்லும்; அது சிதையுந்தோறும் டெக்னீசியம் பிறக்கும். ஈயக் கவசத்தினுள் அலுமினாத் தூள் நிரம்பிய சிறு குழாய் ஒன்று இருக்கும். இரட்டை மின்னூட்டமுடைய மாலிப்டினச் சேர்மம் தூளை இறுகப் பற்றிக்கொள்ளும். ஒற்றை மின்னூட்டமுடைய டெக்னீசியச் சேர்மமோ 0.9 விழுக்காட்டு உப்புநீரை ஊற்றியதும் பிரிந்து வந்துவிடும். மறுநாள் மீண்டும் சுரந்திருக்கும். இக்கருவியை அறிஞர்கள் ‘பசு’ என்றும், இச்செயலைக் ‘கறத்தல்’ என்றும் செல்லமாக வழங்குவது பொருத்தமன்றோ!

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வால்டர் டக்கர், மார்கரெட் கிரீன் ஆகியோர் டெல்லூரியத்திலிருந்து அயோடினைப் பிரித்து வந்தனர். அதில் கலந்திருந்த மாசினை ஆராய்ந்தபோது அது டெக்னீசியம் எனப் புலனாயிற்று. மாசே மருந்தாயிற்று!

செம்பூர்வாழ் அன்பர்களுக்கு அண்டை இடமான டிராம்பேயிலும் இக்கலை வளர்ந்தது. அங்கு 1985-இல் இயங்கத் தொடங்கிய துருவா உலையில் இயற்கை மாலிப்டினத்தை வைத்து நியூட்ரான்களால் தாக்கினர். அதில் மிகச் சிறு பகுதியே கதிரியக்கம் பெறும். எஞ்சிய பெரும்பகுதியையும் சேர்த்துத் தாங்கச் சிறு குழாய்க்கு வலிமையில்லை. எனவே அதனைக் காரநீரில் கரைத்து, மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் திரவத்தோடு குலுக்கும் முறை நம் நாட்டில் நெடுங்காலம் கையாளப்பட்டது. டெக்னீசியம் அத்திரவத்திற்குத் தாவும். மாலிப்டினம் காரநீரிலேயே தங்கும். பின்னர்த் திரவத்தை ஆவியாக்கி, எஞ்சியதை உப்புநீரில் கரைத்துக்கொள்வர்.

பிரித்தால் மட்டும் போதாது, தூய்மையும் வேண்டும். தாய்ப்பொருள் சிறிது கலந்தாலும் நோயாளிக்கு வீண் கதிர்வீச்சு நேரும். ஆதலின் 1 மில்லிகியூரி டெக்னீசியத்தில் 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் மாலிப்டினம் இருத்தலாகாது என்பது அமெரிக்க மருந்து நூலின் வரம்பு. கிருமியும் அறவே கூடாது.

இத்துணைக் காவலையும் கடந்து வரும் மருந்தை அறியாமையால் புறக்கணித்தல் தகுமா? ஐயமிருப்பின் மருத்துவரை முன்னரே வினவுவோம். கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையைத் தவறாது தெரிவித்தல் வேண்டும். குறித்த நேரத்திற்குச் செல்வோம். இரயில் வண்டியேனும் சில வேளை நமக்காகத் தாமதிக்கும். இம்மருந்து ஒருபோதும் தாமதியாது.