வார்ப்பும் அடிப்பும்: துப்பாக்கி உருக்கு தரும் பாடம்

வார்த்த உலோகம் உடையும், காய்ச்சி அடித்த உலோகம் நிலைக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதைத் துப்பாக்கியின் ஓர் உறுப்பைக் கொண்டு ஆராய்வோம்.

துப்பாக்கிக் குழலின் பின்முனை ரிசீவர் எனப்படும் உருக்குக் கூட்டில் பொருத்தப்படுகிறது. தோட்டாவைப் பின்னிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டும் இக்கூட்டிலேயே பூட்டிக்கொள்கிறது. .30-06 வகைத் தோட்டா வெடிக்கையில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழும். கூடு பிளந்தால் அதன் சிதறல் சுடுபவரின் முகத்தருகே பறக்கும்.

வார்ப்பின்மீது எழும் ஐயம் காரணமற்றதன்று. உருகிய உலோகம் அச்சினுள் குளிரும்போது சுருங்குகிறது; அதனால் உள்ளே நுண்ணிய குழிகளும் வளிக்குமிழ்களும் தங்கிவிடலாம். அடிக்கப்படும் உருக்கிலோ உலோகத்தின் இழையோட்டம் உறுப்பின் வடிவத்தை ஒட்டி அமைகிறது. எனினும், வார்ப்பிரும்பு வேறு, வார்த்த உருக்கு வேறு என்பதை நாம் மறத்தலாகாது. முன்னது கரி மிகுந்து நொறுங்கும் இயல்புடையது; பின்னது தக்க வெப்பப் பதத்தால் உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே பெறவல்லது.

அடித்துச் செய்ததும் பிழைபடலாம் என்பதற்கு அமெரிக்காவின் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியே சான்று. அதன் கூடுகள் அடித்துச் செய்யப்பட்டவை. உருக்கின் சூட்டைத் தொழிலாளர் கண்ணால், நிறம் பார்த்தே கணித்தனர். வெயில் மிக்க நாளில் செந்நிறம் மங்கித் தோன்றவே, உருக்கை மேலும் காய்ச்சினர். மேகமூட்டமான நாளைவிட ஏறத்தாழ 300 பாரன்ஹீட் பாகை வரை சூடு மிகுந்திருந்ததைப் பின்னர் வெப்பமானி காட்டியது. அவ்வாறு மிகையாகக் காய்ந்த உருக்கு நொறுங்கும் தன்மை அடைந்தது. சோதனைத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கிய கூடுகளே, தோட்டா உறை கிழிந்து வளி பின்னோக்கிப் பாய்ந்த திடீர் அதிர்ச்சியில் சிதறின. 1917-இல் நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பின், 1918-இல் வெப்பப் பதமுறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் 800,000-க்கு உட்பட்ட எண் கொண்டவை இன்றும் ஐயத்துடனேயே நோக்கப்படுகின்றன.

இதற்கு மறுதலையாக, 1968-இல் வெளிவந்த ரூகர் எம்77 துப்பாக்கியின் கூடு மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் பூச்சிட்டு, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை இது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இம்முறையிலேயே உருவாயின. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் இதனைக் கையாள்கின்றனர். பொருள் வேறு, பயன் வேறு, அடிப்படை ஒன்றே.

வார்த்த உறுப்பு பாதுகாப்பாக அமைய வேண்டுமாயின், விசை மிகும் இடங்களில் தடிப்பு வேண்டும். உருக்கின் கலவையும் வெப்பப் பதமும் அளந்து பேணப்பட வேண்டும். உட்குழிகளை எக்ஸ்-கதிரால் தேட வேண்டும். நிறைவாக, மிகை அழுத்தத் தோட்டாவால் சோதிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஆகவே, ஓர் உறுப்பு வார்க்கப்பட்டதா, அடிக்கப்பட்டதா என்று கேட்பதோடு மாணவர் நின்றுவிடலாகாது. அது எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்றும் கேட்கப் பழக வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு உலைக்களத்தில் தேர்ந்த கைகளுக்குக் குறைவில்லை. அங்கு இல்லாதிருந்தது ஒரு வெப்பமானியே.