லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நோன்புக்கு முன் கவனிக்க வேண்டியவை



வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் இப்போது பேரீச்சம்பழத்தோடும் தைலத்தோடும் சத்து மாத்திரை டப்பாக்களும் இருக்கின்றன. இரும்பு, துத்தநாகம், செலினியம் என்று மேலே எழுதியிருக்கும். "மனசுக்கு நல்லது, பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரும்போ அயோடினோ குறைந்தால் சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை வருவது உண்மைதான். அது மனச்சோர்வு போலவே தெரியும். ஆனால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை போதும். குறை இருந்தால் மாத்திரை. இல்லாவிட்டால் காசுக்குக் கேடு. துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் உடலில் செம்பு குறைந்துவிடும்.

விரிவாகச் சொல்ல வேண்டியது லித்தியத்தைப் பற்றி. இதுவும் மண்ணிலும் நீரிலும் கிடைக்கும் தாதுதான். 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மனம் கட்டுக்கடங்காமல் கொந்தளித்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். பைபோலார் எனப்படும் இருமுனை மனநோய்க்கு இன்றும் இது முக்கியமான மருந்து. அதே 1949இல் அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பை விற்றார்கள். சிலர் இறந்த பிறகுதான் விற்பனை நின்றது. இயற்கைப் பொருள் என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாக மருந்து. 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவுதான். அதனால்தான் மருத்துவர்கள் அடிக்கடி இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

இணையத்தில் 'லித்தியம் ஒரோடேட்' என்று விற்கும் சத்து மாத்திரையில் பெரும்பாலும் 5 மில்லிகிராம் லித்தியம் இருக்கும். மருத்துவர் எழுதும் 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் சுமார் 56 மில்லிகிராம். "இதுவும் லித்தியம்தானே" என்று மாற்றிக்கொள்வது, மருந்தை நிறுத்துவதற்குச் சமம். திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். தற்கொலை எண்ணமும் கூடலாம்.

இனி நோன்பு. மதுரை வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வியர்க்கும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும்; கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இதன் அடையாளங்கள். நோன்பு மயக்கம் என்று நினைத்துப் படுக்கவைக்காமல் நோன்பை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைவலிக்கு நாமாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் இந்த அளவை ஏற்றிவிடும்.

அதற்காக யாருமே நோன்பு வைக்கக் கூடாது என்பதில்லை. பாகிஸ்தானில் பெஷாவரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நோன்பு வைத்தவர்களின் லித்தியம் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். மொராக்கோவின் காசாபிளாங்காவில் 20 பேரைப் பார்த்தபோது, அளவு சரியாக இருந்தும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரமளானில் நோய் திரும்பியது. தராவீஹுக்கும் ஸஹருக்கும் நடுவே தூக்கம் கெடுவதை இந்த நோய் தாங்காது.

ஆகவே ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், மார்க்கம் நோயாளிக்குத் தந்திருக்கும் சலுகை இவர்களுக்கும் உண்டு. களாவா ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். "ஏன் நோன்பில்லை?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்களே என்று பயந்து மாத்திரையை மறைக்கிற வீடுகள் உண்டு. சர்க்கரை நோயாளியிடம் நாம் அப்படிக் கேட்பதில்லையே!

பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை அட்டையையும் கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். வெளிநாட்டு டப்பா எதுவும் சாப்பிடுவதாக இருந்தால் அதையும். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால், டெலி மனாஸ் இலவச எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.