ராடு தாங்குமா?

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-இல் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஊர் வந்து சேர்வதற்குள் கிராங்க் 6 லட்சம் முறை சுற்றியிருக்கும். அந்த 6 லட்சம் தடவையும் பிஸ்டனைப் பிடித்து இழுத்துத் திருப்பியது ஒரே ஒரு கனெக்டிங் ராடு. கார்புரேட்டரையும் சைலன்சரையும் மாற்றி வண்டியைக் கூடுதலாக முறுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ராடைத்தான்.

புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. 5,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1,500 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்றால், ராடை இழுக்கும் விசை 600 கிலோ எடைக்குச் சமம். இதையே 6,500-க்கு முறுக்கினால்? சுற்று கூடியது 30 சதவீதம்தான். ஆனால் விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறுவதால் 1,000 கிலோவைத் தாண்டிவிடுகிறது.

பெட்ரோல் வெடித்துத் தள்ளும்போதுதான் ராடு உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது ராடு அமுக்கப்படுகிறது. அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கண்டம் இருப்பது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில். வால்வு திறந்திருப்பதால், மேலே பாயும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் இல்லை. ராடு தனியாக அதை இழுத்து நிறுத்தியாக வேண்டும்.

"ஆர்.எக்ஸ். 100 மட்டும் 7,500-இல் ஓடவில்லையா?" என்று கேட்கலாம். அதன் ஸ்ட்ரோக் வெறும் 50 மி.மீ. 7,500 சுற்றிலும் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர்தான். புல்லட்டின் பிஸ்டனோ 5,000 சுற்றிலேயே 15 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. மீட்டர் முள்ளை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

இன்னொரு சங்கதி உலோகத்தில் இருக்கிறது. பழைய புல்லட்டின் ராடு அலுமினியக் கலவையால் ஆனது. ஸ்டீலுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே இழுத்தால் கோடிக்கணக்கான சுற்றுகளுக்கும் அசையாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. ஒவ்வொரு இழுப்பும் கணக்கில் ஏறுகிறது; இழுப்பு பலமாக இருந்தால் ஆயுள் மளமளவென்று குறைகிறது. கடைசல் கோடோ கீறலோ போதும், விரிசல் அங்கிருந்து தொடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒருநாள் ராடு துண்டாகி கிராங்க் கேஸையே பிளந்துகொண்டு வெளியே வரும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவரின் கதி என்ன?

கம்பெனி ராடை மட்டமானது என்று சொல்ல மாட்டேன். சுமார் 5,600 சுற்றில் 18 குதிரைத்திறன் தரும் இன்ஜினுக்கு அது எடை குறைந்த, நேர்த்தியான பாகம். வேறொரு வேலையை அதன் தலையில் கட்டுவதுதான் தவறு. வேகம் வேண்டுமென்றால் முதல் செலவு ஸ்டீல் ராடும் ரோலர் பேரிங்கும் போட்ட கிராங்குக்கு, அடுத்தது வால்வு ஸ்பிரிங்குக்கு. கார்புரேட்டர் அதற்குப் பிறகுதான். ரேஸில் அடித்து ஓட்டிய பழைய புல்லட்டை வாங்கி இன்ஜினைத் திறந்தால், அலுமினிய ராடு பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள்.