ஃபேட்டி லிவர் 'கிரேடு 1' என்றால் பயமில்லையா? எந்த வகை எங்கே கொண்டுபோய் விடும்?

வயிற்று வலிக்கோ, மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கோ ஸ்கேன் எடுத்தவர்கள் பலரின் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று ஒரு வரி இருக்கும். "கிரேடு 1 தானே, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைப்பவர்கள் ஒரு பக்கம். 'கிரேடு 2' என்று பார்த்ததுமே லிவர் போச்சு என்று தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை. ஏன்?

கிரேடு வேறு, தழும்பு வேறு

கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது ஃபேட்டி லிவர். ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதை வைத்து கிரேடு 1, 2, 3 போடுகிறார்கள். அது கொழுப்பின் அளவு பற்றிய கணிப்பு மட்டும்தான்.

பிற்காலத்தில் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது 'ஃபைப்ரோசிஸ்', அதாவது கல்லீரலில் விழும் தழும்பு. தழும்பே இல்லை என்றால் எஃப்0. கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் நிலை எஃப்4. கிரேடு 1 உள்ள ஒருவருக்கு எஃப்3 தழும்பு இருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு குறைந்து ஸ்கேன் 'நல்லா' தெரிவதும் உண்டு.

வகை 1: சர்க்கரை, உடல் எடையோடு வருவது

மது அருந்தாதவர்களுக்கு வரும் ஃபேட்டி லிவர் என்று முன்பு சொன்னதற்கு 2023-ல் மருத்துவ அமைப்புகள் பெயரை மாற்றின. மெட்டபாலிக் கோளாறால் வரும் கொழுப்புக் கல்லீரல் என்பது புதிய பெயரின் பொருள். சர்க்கரை, தொப்பை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இதோடு இருக்கும். "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்று தப்பிக்க முடியாது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே கவனம் வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் இது வருகிறது.

இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு சிரோசிஸ் வரை போகாது. வெறும் கொழுப்பு மட்டும் என்றால், தழும்பு ஒரு படி ஏற சராசரியாக 14 ஆண்டுகள் ஆகலாம். வீக்கமும் சேர்ந்தால் அது சுமார் 7 ஆண்டுகளாகக் குறைகிறது.

ஆனால் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த வகை உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் அல்ல, இதய நோய். சர்க்கரை இல்லாதவருக்கு அது வரும் வாய்ப்பும், சிறுநீரகப் பாதிப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. சிலருக்கு சிரோசிஸ் வராமலேயே கல்லீரல் புற்றுநோய் வரலாம்.

வகை 2: மதுவால் வருவது

தொடக்கத்திலேயே குடியை முழுசா நிறுத்தினால், சில வாரங்களில் கொழுப்பு கரையத் தொடங்கும். தொடர்ந்தால் கல்லீரல் அழற்சி, சிரோசிஸ் என்று போகும். கடுமையான அழற்சி சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கலாம். சிரோசிஸ் முற்றினால் வயிற்றில் நீர் கோர்ப்பது, ரத்த வாந்தி, மனக்குழப்பம், புற்றுநோய் என அடுத்தடுத்து வரும்.

வகை 3: இரண்டும் சேர்ந்தது

மெட்டபாலிக் கோளாறும் இருந்து, வாரத்துக்கு ஆண் 210 முதல் 420 கிராம், பெண் 140 முதல் 350 கிராம் ஆல்கஹால் எடுத்தால் அது தனி வகை. 180 மி.லி. குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது ஆண்களுக்கு வாரம் மூன்றரை குவார்ட்டரிலேயே இந்த வகை தொடங்கிவிடும். அதற்குக் கீழே குடித்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. சர்க்கரையும் மதுவும் சேர்ந்தால் தழும்பு வேகமாக ஏறும்.

வேறு காரணங்கள்

ஸ்டீராய்டு, டாமோக்ஸிஃபென் போன்ற மருந்துகள், ஹெபடைடிஸ் சி, வில்சன் நோய் ஆகியவற்றாலும் கொழுப்பு சேரலாம். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அரிதாக வரும் ஃபேட்டி லிவர் முற்றிலும் வேறு. அதற்கு உடனடி சிகிச்சை தேவை.

சரி, தழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

'ஃபிப்-4' என்ற கணக்கு இருக்கிறது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அளவு 2. அதற்கு மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படலாம். எல்எஃப்டி நார்மல் என்பதால் மட்டும் தழும்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்ப சரியாகுமா?

எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 சதவீதம் குறைத்தால் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் வீக்கம் தணியும். 10 சதவீதத்தைத் தாண்டினால் தழும்பே குறைய வாய்ப்பு உண்டு. 80 கிலோ எடை உள்ளவருக்கு அது 8 கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைப்பது ஆபத்து, மெதுவாகக் குறைக்க வேண்டும். எஃப்2, எஃப்3 நிலைக்கு ரெஸ்மெடிரோம் மருந்தை 2024-லும், செமாகுளுடைடை 2025-லும் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது. சிரோசிஸ் வந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

அடுத்த முறை ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போனால் "எந்த கிரேடு?" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "எனக்கு எந்த வகை, தழும்பு எந்த நிலை, இதயத்தைப் பரிசோதிக்கணுமா?" என்ற மூன்றையும் கேளுங்கள்.