பணிசெயல் முறைமை மாற்றமும் பழைய தமிழ்க் கோப்புகளும்

பணிசெயல் முறைமை மேம்படுத்தப்பட்டபின் பழைய தமிழ்க் கோப்புகளை உரைதொகுப்பியில் திறக்குமிடத்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளோ வினாக்குறிகளோ தோன்றுவதுண்டு. இவ்விரண்டையும் ஒரே கோளாறாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கணினி எழுத்து வடிவங்களையன்றி அவற்றுக்குரிய எண்களையே கோப்பில் சேமிக்கின்றது. இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில், ஆங்கில 'எஃப்' எழுத்துக்குரிய எண்ணே ககரமாகக் காட்சியளித்தது. புதிய முறைமையில் பாமினி நிறுவப்படாவிடின் அவ்வெண் மீண்டும் ஆங்கில எழுத்தாகவே தோன்றும். இங்கு கோப்புச் சிதைவுறவில்லை. எழுத்துருவை நிறுவித் தெரிவுசெய்யின் தமிழ் மீளும். பின்னர் அதனை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வினாக்குறிகளின் தன்மை வேறு. ஒருங்குறி 1991 முதலே தமிழை உள்ளடக்கியிருந்தது. எனினும், விண்டோஸின் நோட்பேட் 2019 வரை புதிய கோப்புகளை இயல்பாக ஆன்சிக் குறிமுறையிலேயே சேமித்தது. அது விடுத்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது சேமிக்கப்பட்ட ஒருங்குறித் தமிழ், வினாக்குறிகளாகவே பதிவாயிற்று. பழி மேம்படுத்தல்மீது சுமத்தப்படினும், இழப்பு முன்னரே நிகழ்ந்துவிட்டது. எந்த எழுத்துருவும் அதனை மீட்காது; வேறு பிரதியைத் தேடுதலே வழி.

ஆகவே, ஐயத்துக்குரிய கோப்பை உரைதொகுப்பியில் மீளச் சேமித்தலை நாம் தவிர்த்தல் வேண்டும். முதலிற் பிரதியெடுத்து, அப்பிரதியில் எழுத்துருவையும், அடுத்துக் குறிமுறையையும் சோதித்தல் தகும். நம் சிற்றிதழ்களும் நினைவு மலர்களும் ஆய்வேடுகளும் பல இத்தகைய கோப்புகளிலேயே எஞ்சியுள்ளன. வாசிக்க இயலாதவை எனக் கருதி அவற்றை நீக்குவோமாயின், மீட்கக்கூடியவற்றையும் நாமே அழித்தவர்களாவோம்.