மருத்துவருக்கும் உண்டு வீட்டுப்பாடம்

கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர் வயல் வரப்பிலோ, சுருளிப்பட்டி திராட்சைப் பந்தலின் கீழோ வெறுங்காலுடன் நடந்திருக்கிறீர்களா? நெருஞ்சி முள் ஒன்று குத்தினால் என்ன ஆகும்? 'ஆ!' என்று காலைத் தூக்குவீர்கள். உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பீர்கள். வலி என்பது நம் உடலின் காவலாளி.

இந்தக் காவலாளி உறங்கிவிட்டால்? குத்திய முள் காலிலேயே இருக்கும். அதன்மேல் மிதித்து நாள் முழுதும் வேலை நடக்கும். புண் உண்டாகும், சீழ் பிடிக்கும், எலும்பு வரை பரவும். கடைசியில் விரலையோ காலையோ வெட்டி எடுக்க நேரிடலாம். ஒரு முள்ளுக்காக ஒரு கால்!

நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் இப்படி நேரலாம். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நரம்புகளையும், அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால் விரல் வரை செல்லும் நரம்பிழையின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். ஆகவே, உணர்ச்சி முதலில் மங்குவது பாதத்தில்தான்.

இதைக் கண்டறிவது எப்படி? கருவி மிக எளியது: ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். மருத்துவர் இழையின் நுனியைப் பாதத்தில் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்துவார். தொடுவது தெரிந்தால் நோயாளி சொல்வார். தெரியாவிட்டால் அந்த இடத்தில் காப்புணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள்.

ஒவ்வொரு மருத்துவரும் வெவ்வேறு பலத்துடன் அழுத்தினால் சோதனை தவறாகாதா? ஆகாது. குறிப்பிட்ட தடிமனும் நீளமும் கொண்ட இழை, குறிப்பிட்ட விசை வந்ததும் வளைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வளைவு கூடுமேயன்றி, நுனியில் உள்ள விசை அவ்வளவாகக் கூடாது. பாதச் சோதனைக்குரிய இழை 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் வளையும். தூண்டில் நரம்புத் துண்டு ஒன்றை உங்கள் பள்ளி ஆய்வகத்தின் மின்னணுத் தராசுத் தட்டில் நிறுத்தி அழுத்திப் பாருங்கள். அது வளைந்ததும் எண் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்த அறிவின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். பிராண்ட் உன்னிப்பாகக் கவனித்தார். வலி தெரியாததால் ஏற்படும் காயமும், புண்ணின் மேலேயே மீண்டும் மீண்டும் நடப்பதுமே பெருங்கேடு என்று கண்டார். அழுத்தத்தைப் பரவச் செய்யும் மெத்தென்ற இரப்பர் செருப்புகளை அவரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினர். 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயில் கற்ற பாடம் நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்பட்டது. 10 கிராம் இழையின் பயனை 1980-களில் எடுத்துக்காட்டியதும் கார்வில் ஆய்வாளர்களே.

இனி ஒரு கேள்வி. 1980-ல் பட்டம் பெற்ற ஒரு மருத்துவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பாடநூலில் இந்த இழைச் சோதனை இருந்திருக்காது. தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் 1981-ல்தான். படிப்பை அன்றோடு நிறுத்தியிருந்தால் அவருடைய நோயாளிகளின் கதி என்ன?

இதற்காகவே மருத்துவர்களுக்குத் 'தொடர் மருத்துவக் கல்வி' வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் பாத மருத்துவம் தனித் தொழில். அதற்கு மாநிலந்தோறும் தனி உரிமம் உண்டு. கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க 50 மணி நேரம் படித்திருக்க வேண்டும். வகுப்பில் அமர்ந்திருந்தால் மட்டும் போதாது. விதிகளில் சொல்லப்பட்ட வழிகளுள் ஒன்றின் மூலம் தகுதியையும் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் பாதப் புண்ணைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் அறுவை மருத்துவர்களும் நீரிழிவு மருத்துவர்களுமே. மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது இத்தகைய கல்வி பெற வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதிகள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிப்பதற்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் என்றால் 60 மாதங்கள். 30 மணி நேரம் என்பது மாதத்துக்கு அரை மணி நேரமே! இது போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விதி சொல்வது குறைந்த அளவை மட்டுமே. மேலும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவரெல்லாம் பாடத்தைக் கற்றவர் ஆகிவிடுவதில்லை. இது உங்களுக்கும் தெரிந்த உண்மைதானே!

நைலான் இழைக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே இழையைத் தொடர்ந்து பலருக்குப் பயன்படுத்தினால் அது தளர்ந்து, 10 கிராமுக்கு முன்பே வளையத் தொடங்கும். எனவே அதற்கு ஓய்வு தர வேண்டும். நாளடைவில் மாற்றவும் வேண்டும். கருவிக்கே இந்த நிலை என்றால், அதைப் பிடிக்கும் கைக்கும் அறிவுக்கும் புதுப்பித்தல் வேண்டாமா?

நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காக்க, தமிழ்நாடு அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியுள்ளது. நீங்களும் இதில் பங்கு பெறலாம். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நீரிழிவு இருந்தால், நாள்தோறும் மாலையில் அவர்களுடைய உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, முள் எதுவாயினும் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிக்கவில்லையே என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடாதீர்கள். வலிக்காத புண்தான் அஞ்ச வேண்டிய புண்.